மன்னர் மார்பில் ஒரு முத்திரை

“செஞ்சது யாருன்னு கண்டுபிடிங்க, மிஸ் வெர்னிஸ். ஆதாரத்தோட. எனக்கு வேற எதுவும் வேணாம்.”

மார்வா யங் இதைச் சொன்னபோது அழவில்லை. பெற்ற மகன் லாக்கப்பில் இருக்கிறான். அவளோ வேலைக்குப் போகிற வழியில் பால் வாங்க வந்தவள் மாதிரி, நகராட்சியின் மஞ்சள் அங்கியோடு நின்றுகொண்டிருந்தாள்.

முடிதிருத்தும் கடைக்கு மேலே இருந்தது வெர்னிஸ் கிரேவ்ஸின் துப்பறியும் அலுவலகம். சால்ட்ஹேவன் துறைமுக நகரத்தின் போலீசில் பதினெட்டு வருஷம் சார்ஜென்டாக இருந்துவிட்டு, இன்ஸ்பெக்டர் பதவி வேறு ஒருவருக்குப் போன அன்று சீருடையைக் கழற்றியவள். ஐம்பத்தாறு வயது. மார்வாவின் பெற்றோரைப் போலவே, இவளுடைய அப்பா அம்மாவும் கரீபியன் தீவான பார்படோஸிலிருந்து கப்பலில் வந்தவர்கள்; ஆப்பிரிக்க அடிமைகளின் வம்சம்.

“உக்காருங்க சிஸ்டர்” என்றாள் வெர்னிஸ்.

“உக்கார நேரமில்லை. பத்து மணிக்கு மீன் மார்க்கெட் கழுவணும்.”

மார்வா வந்த வேகத்திலேயே படி இறங்கிப் போனாள்.

மூலையில் மீன் பஜ்ஜி தின்றுகொண்டிருந்த ரால்ஸ்டன் வாயைத் துடைத்தான். வெர்னிஸின் உதவியாளன். முன்பு பஸ் ஓட்டினான். பயணிகளிடம் வாயடித்ததற்காக மூன்று முறை எச்சரித்துவிட்டு, நான்காம் முறை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

“பாஸ், பேப்பர்ல மன்னர் முதல் பக்கத்துல வந்திருக்கார். செத்து முந்நூறு வருஷம் ஆச்சு. என்னை உயிரோட இருக்கறப்பவே எவனும் போட மாட்டேங்கறான்.”

“படி.”

ரால்ஸ்டன் படித்தான். சந்தைச் சதுக்கத்தில் நிற்கும் இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் சிலை. சனிக்கிழமை விழா, அரண்மனையிலிருந்து ஒருவர் வருகிறார். அதற்காகத் திங்கட்கிழமை முதல் சாரம் கட்டி, தார்ப்பாய் போர்த்திச் சுத்தம் செய்தார்கள். புதன் காலை, பாரம்பரியக் குழுவின் தலைவர் ஆட்டர்பரி புகைப்படக்காரர்கள் முன்னால் தார்ப்பாயை விலக்கினார். பீடத்தில் மன்னர் பெயர் பொறித்த பித்தளைத் தகட்டைக் காணோம். மன்னரின் மார்பில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு ஆங்கில எழுத்துகள் பொசுங்கியிருந்தன. மேலே டி. கீழே ஒய்.

மதியத்துக்குள் டெக்ஸ்டர் யங் கைது.

“டி, ஒய். டெக்ஸ்டர் யங்” என்றான் ரால்ஸ்டன். “திருடப் போற வீட்டுல விசிட்டிங் கார்டு வெச்சுட்டு வர்ற அளவுக்கு அவன் முட்டாளா?”

“இல்லை. அதான் வண்டியை எடுங்கறேன்.”

சதுக்கத்தில் போலீஸ் நாடாவுக்கு அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர் கிம்பர் நின்றிருந்தார். வெர்னிஸுக்குப் போகவேண்டிய பதவி போனது இவருக்குத்தான்.

“வெர்னிஸ்! ரிட்டயர் ஆனவங்க வீட்டுல ரோஜாச் செடி வளர்ப்பாங்கன்னு கேள்விப்பட்டேன்.”

“வளர்த்தேன். முள்ளு மட்டும்தான் நல்லா வந்துச்சு. மேலே ஏறிப் பார்க்கலாமா?”

“பாரு. கேஸ் முடிஞ்சு போச்சு. போன மாசம் நகர மன்றக் கூட்டத்துல அந்தப் பையன் என்ன சொன்னான்? ‘இந்த ஆள் மேல ஒரு நாள் இவன் முத்திரையே விழும்’னு சொன்னான். இருநூறு பேர் கேட்டிருக்காங்க. அவன் தொழில் என்ன? அச்சகத்துல ரப்பர் ஸ்டாம்ப் வெட்டறது. போதாததுக்கு இனிஷியல் வேற. ஆட்டர்பரி டிவியிலயே சொல்லிட்டார், நினைவுச்சின்னத்தைச் சேதப்படுத்தினா பத்து வருஷம் வரைக்கும் போடலாம்னு.”

அந்தக் கூட்டத்தில் வெர்னிஸும் இருந்தாள். டெக்ஸ்டர் எழுந்து, மன்னரின் கம்பெனி ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றிய ஆயிரக்கணக்கானவர்களைப் பற்றிப் பேசினான். பீடத்தில் அதை ஒரு வரி எழுதுங்கள் என்றுதான் கேட்டான். ஆட்டர்பரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சிரித்தார். “ஆயிரக்கணக்கு, ஆயிரக்கணக்குன்னு சொல்றீங்களே தம்பி. அதுல ஒருத்தர் பேரைச் சொல்லுங்க பார்க்கலாம். ஒரே ஒரு பேர்.” டெக்ஸ்டர் வாயைத் திறந்தான், மூடினான். மன்றம் சிரித்தது. வெர்னிஸின் காதில் இன்னும் அந்தச் சிரிப்பு இருந்தது.

சாரத்தில் ஏறினாள். ரால்ஸ்டன் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தான்.

மார்பில் எழுத்துகள் ஆழமாக இறங்கியிருந்தன. விளிம்பில் உலோகம் உருகி, மெழுகு மாதிரி உறைந்திருந்தது. வெர்னிஸ் பக்கத்தில் நகத்தால் கீறினாள். வெள்ளைக் கோடு விழுந்தது.

“வெங்கலம் இல்லை. ஈயம். மேலே வெங்கலப் பூச்சு.”

“முந்நூறு வருஷமா ஊரே சல்யூட் அடிச்சது ஈயத்துக்கா? என் முதல் சம்சாரம் போட்ட மோதிரம் மாதிரி இருக்கே.”

“நானும் அடிச்சிருக்கேன்” என்றாள் வெர்னிஸ். “வருஷா வருஷம், விழா அணிவகுப்புல. பதினெட்டு தடவை.”



அவள் கீழே குனிந்து கிம்பரைக் கூப்பிட்டாள். “இன்ஸ்பெக்டர், இது டெக்ஸ்டர் யங் இல்லை. டியூக் ஆஃப் யார்க். மன்னராகறதுக்கு முன்னாடி இவர் பட்டம் அதுதான். அடிமை வியாபாரக் கம்பெனிக்கு இவர்தான் தலைவர். பிடிச்சுட்டு வந்தவங்க பேரை எடுத்துட்டு, பழுக்கக் காய்ச்சின இரும்பால அவங்க நெஞ்சுல இந்த ரெண்டு எழுத்தைத்தான் குத்தினாங்க. இங்கே என்ன நடந்திருக்கு பாருங்க. பேர்ப் பலகை போச்சு. முத்திரை வந்துடுச்சு. யாரோ அதையே அவருக்குத் திருப்பிச் செஞ்சிருக்காங்க.”

கிம்பர் தோளைக் குலுக்கினார். “சரி, அப்படியே இருக்கட்டும். அதையும் ஊர் பூரா கத்தினது டெக்ஸ்டர்தானே?”

நியாயமான கேள்வி. வெர்னிஸ் மறுபடி எழுத்துகளைப் பார்த்தாள். விரலால் தடவினாள். அப்புறம் அவள் முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது.

“ரால்ஸ்டன், டி எழுத்துக்குத் தொப்பை எந்தப் பக்கம்?”

“வலது பக்கம் பாஸ்.”

“இதுக்கு?”

ரால்ஸ்டன் கண்ணைச் சுருக்கினான். “இந்த டி இடது பக்கமா சாப்பிட்டிருக்கு!”

“இன்ஸ்பெக்டர், ஸ்டாம்புல எழுத்தைத் திருப்பி வெட்டணும். அப்பதான் பதியறப்போ நேரா விழும். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் எழுத்தைத் திருப்பி வெட்டறதுதான் டெக்ஸ்டர் பிழைப்பு. தூக்கத்துல செஞ்சாலும் அவனுக்கு இந்தத் தப்பு வராது. நீங்க எதை வெச்சு அவனைப் பிடிச்சீங்களோ, அதுவேதான் அவன் செய்யலைங்கறதுக்குச் சாட்சி. இதைச் செஞ்சவங்க வாழ்க்கையில ஒரு ஸ்டாம்ப் கூட வெட்டினதில்லை.”

கிம்பர் நிமிர்ந்து சிலையை வெகுநேரம் பார்த்தார். “அவசரத்துல தப்பாயிருக்கும்.”

“இரும்புல எழுத்து செய்யறது அவசரத்துல நடக்காது.”

“அப்போ செஞ்ச ஆளைக் கொண்டு வா. அப்புறம் பேசலாம்.”

வேனில் ஏறியதும் ரால்ஸ்டன் கேட்டான். “எங்கே பாஸ்?”

“கம்பி முனையில எழுத்து ஒட்ட வெல்டிங் தெரிஞ்ச ஆள் வேணும். கேள்வி கேட்காத ஆளாவும் இருக்கணும்.”

“கிளெமன்ட். ரயில் பாலத்துக்கு அடியில இரும்பு கேட் செய்யறான். கேள்வி கேட்க மாட்டான், பதிலும் சொல்ல மாட்டான். என் வேன் கதவைக் கழட்டி வெச்சுட்டு மூணு வாரம் எதுவுமே சொல்லலை.”

கிளெமன்ட் முகக் கவசத்தைத் தூக்கி அவர்களைப் பார்த்தான். கண்ணில் சந்தேகம்.

“போலீஸா?”

“முன்னாடி இருந்தேன். இப்போ டெக்ஸ்டர் யங்குக்காக வந்திருக்கேன். அவனைப் பத்து வருஷம் உள்ளே வைக்கப் பார்க்கறாங்க.”

கிளெமன்ட் வெல்டிங் துப்பாக்கியைக் கீழே வைத்தான். “டெக்ஸ்டரா? பேப்பர்ல டெக்ஸ்டர்னா போட்டிருக்கு?”

“நீ படிக்கலையா?”

“நான் பேப்பர் படிக்கறதில்லை. அந்தம்மா என்ன சொல்றாங்க?”

வெர்னிஸ் அசையவில்லை. “எந்தம்மா?”

கிளெமன்ட் தலையைச் சொறிந்தான். அப்புறம் சுவரில் ஆணியில் மாட்டியிருந்த காகிதக் கத்தையிலிருந்து ஒன்றை உருவினான். பின்பக்கம் பேனாவால் வரைந்த இரண்டு எழுத்து. மேலே டி, கீழே ஒய். பக்கத்தில் கம்பியின் நீளம்.

“பத்து நாள் முன்னாடி கொண்டு வந்தாங்க. வரைஞ்சது வரைஞ்ச மாதிரியே செஞ்சேன். கொடுக்கறப்போதான் எனக்கே உறைச்சுது. ‘அம்மா, இதைக் குத்தினா எழுத்து திரும்பி விழும், நேரம் கொடுங்க, மாத்தித் தர்றேன்’னு சொன்னேன்.”

“என்ன சொன்னாங்க?”

“‘பரவாயில்லை, கிளெமன்ட். குத்து வாங்கறவனுக்குப் படிக்கத் தெரிய வேணாம்’னாங்க.”

வெர்னிஸ் காகிதத்தைத் திருப்பினாள். அது நகராட்சித் துப்புரவுப் பிரிவின் வேலைத் தாள். தேதி, இடம், ஆள் எல்லாம் அச்சில் இருந்தது. சந்தைச் சதுக்கம், மன்னர் சிலை, விழாவுக்காகச் சுத்தம் செய்தல். பணியாளர்: மார்வா யங்.

ரால்ஸ்டன் எட்டிப் பார்த்தான். வேன் சாவியை எடுத்தான்.

மீன் மார்க்கெட்டில் தரையெல்லாம் ஐஸ் தண்ணீரும் செதிலும். மார்வா ரப்பர் குழாயால் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வாளி, துடைப்பம் எல்லாம் அடுக்கிய அவளுடைய தள்ளுவண்டி. வெர்னிஸ் காகிதத்தை நீட்டினாள். மார்வா குழாயை மூடினாள்.

“ரெண்டு மணி நேரம்தான் ஆச்சு” என்றாள். “கெட்டிக்காரிதான் நீங்க.”

“எங்கிட்ட ஏன் சொல்லலை?”

“போலீஸ்ல சொன்னேனே! நேத்து சாயங்காலமே போனேன். நான்தான் செஞ்சேன், என் புள்ளையை விடுங்கன்னு சொன்னேன். உங்க கிம்பர் என்ன பண்ணார் தெரியுமா? ரெண்டு சர்க்கரை போட்டு டீ கொடுத்தார். முதுகைத் தட்டினார். ‘எல்லாத் தாயும் இப்படித்தாம்மா சொல்வாங்க’ன்னு, கார் வெச்சு வீட்டுல விட்டார். அறுபத்தொரு வயசுக் கிழவி, தரை துடைக்கறவ, இவளாவது செய்யறதாவதுன்னு.”

“கம்பியைக் காட்டியிருக்கலாமே.”

“காட்டினா? புள்ளை கொடுத்து மறைக்கச் சொன்னான்னு எழுதிக்குவாங்க. அவன் கையிலயே இல்லாத கம்பியை நானே கொண்டுபோய் அவன் தலையில கட்டின மாதிரி ஆயிருக்கும். வெளியாள் ஒருத்தர் தானாத் தேடிக்கிட்டு வந்து என்னைப் பிடிக்கணும். உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா நீங்களும் டீதான் போட்டிருப்பீங்க.”

வெர்னிஸுக்குக் கோபம் வந்தது. அதைவிட வேகமாக, அவள் சொன்னது உண்மை என்றும் பட்டது.

மார்வா வண்டியிலிருந்த வாளியைத் தூக்கினாள். அடியில் ஈரத் துணியில் சுற்றி இரும்புக் கம்பியும், மடங்கிப்போன பித்தளைத் தகடும் இருந்தன.

“ரெண்டு நாளா இதைத் தள்ளிக்கிட்டு ஊர் பூரா சுத்தறேன். ஸ்டேஷன் வாசலைக் கூட இதை வெச்சுக்கிட்டேதான் பெருக்கினேன். ஒருத்தன் குனிஞ்சு பார்க்கலை.”

“எப்போ செஞ்சீங்க?” என்றான் ரால்ஸ்டன்.

“செவ்வாய்க்கிழமை, பட்டப்பகல்ல. பதினோரு மணி. தார்ப்பாய்க்குள்ள. சந்தையில களை பொசுக்கற காஸ் பர்னர் எங்கிட்ட இருக்கே, அதுல கம்பியைக் காய்ச்சினேன். வெண்ணெய்ல இறங்கற மாதிரி இறங்குச்சு. புகை வந்துது. கீழே போன காய்கறிக்காரன், ‘மார்வா, மன்னருக்கு சிகரெட் கொடுத்தியா?’ன்னு கேட்டுட்டுப் போனான்.”

ரால்ஸ்டன் சிரித்துவிட்டான். மார்வா சிரிக்கவில்லை.

“பத்தொன்பது வருஷமா அந்த ஆளைக் கழுவறேன், மிஸ் வெர்னிஸ். புறா எச்சத்தைச் சுரண்டி, காலைத் தேய்ச்சு, தகட்டுக்கு பாலிஷ் போட்டு. யாருன்னே தெரியாம கழுவினேன். என் புள்ளை படிச்சுட்டு வந்து சொன்னான். அப்புறமும் கழுவினேன். சம்பளம் வேணுமே. அன்னிக்கு மன்றத்துல நான் பின்னாடி டீ வண்டியோட நின்னேன். ஒரு பேர் சொல்லுன்னு அவர் கேட்டாரே, எல்லாரும் சிரிச்சாங்களே, அப்போ என் புள்ளை மூஞ்சி போன போக்கைப் பார்த்தேன். வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். காலையில எழுந்திருக்கறப்போ என்ன செய்யணும்னு தெளிவாத் தெரிஞ்சுது. இன்னும் ஆத்திரம் அடங்கலை. அடங்கவும் வேணாம்.”

“இந்த எழுத்து உங்க புள்ளையோட இனிஷியல்னு தோணவே இல்லையா?”

அப்போதுதான் மார்வாவின் முகம் உடைந்தது. “இல்லை” என்றாள். “நான் வெச்ச பேரு. எனக்கே தோணலை.”

பதினைந்து நிமிஷத்தில் ஸ்டேஷனில் கிம்பரின் மேஜைமேல் கம்பி, தகடு, வேலைத் தாள் மூன்றும் இருந்தன. வாசலில் கிளெமன்ட் வாக்குமூலம் கொடுக்கக் காத்திருந்தான். கிம்பர் வேலைத் தாளை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் யாருக்கோ போன் செய்தார்.

பத்தே நிமிஷத்தில் ஆட்டர்பரி வந்துவிட்டார். நேற்று டிவியில் பார்த்த அதே சூட். முகம் மட்டும் வேறு.

“மிஸஸ் யங், பாவம், உங்களுக்கு மன உளைச்சல். எனக்குப் புரியுது” என்றார் மிக மென்மையாக. “புகாரை நான் வாபஸ் வாங்கிக்கறேன். உங்க மகனை இப்பவே அனுப்பிடுவாங்க. நீங்களும் வீட்டுக்குப் போங்க. இது வெளியே வர வேண்டிய அவசியமே இல்லை.”

கிம்பர் தலையசைத்தார். “எல்லாருக்கும் நல்லது. வெர்னிஸ், அந்தக் கம்பியை நீ எடுத்துட்டுப் போயிடு. நான் பார்க்கலைன்னு வெச்சுக்கறேன்.”

ரால்ஸ்டன் மூச்சை இழுத்து விட்டான். ஜெயித்தாயிற்று என்று நினைத்தான். அம்மாவும் தப்பித்தாள், பிள்ளையும் தப்பித்தான்.

“முடியாது” என்றாள் மார்வா.

“என்னம்மா சொல்றீங்க?” என்றார் கிம்பர்.

“கேஸ் போடுங்க.”

ஆட்டர்பரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மிஸஸ் யங், சிறைக்குப் போக வேண்டியிருக்கும்.”

“நேத்து என் புள்ளைக்குப் பத்து வருஷம்னு சொன்னப்போ உங்க குரல் இவ்வளவு மெதுவா இல்லையே? அவன்னா ஜெயில், நான்னா மன உளைச்சலா? கோர்ட்டுல என்னை நிறுத்துங்க. என் வக்கீல் உங்களைக் கூண்டுல ஏத்தி, சத்தியம் வாங்கிட்டு, ஒரே கேள்விதான் கேட்பார். இந்த முத்திரை யாரோடது? இல்லைன்னு சொல்லுங்க, பத்திரிகைக்காரங்க முன்னாடி சரித்திரக்காரங்க பத்துப் பேர் வந்து காகிதத்தை நீட்டுவாங்க. ஆமான்னு சொல்லுங்க, சனிக்கிழமை அரண்மனைக்காரரைக் கூட்டிட்டு வந்து எதுக்குப் பக்கத்துல நிக்க வைப்பீங்க?”



வெர்னிஸ் அப்போதுதான் முழுவதையும் பார்த்தாள். மார்வா குறி வைத்தது ஈயத்துக்கு அல்ல. இந்த மனிதருக்கு. துப்பறிய ஆள் வைத்ததும், தன்னைப் பிடிக்கச் சொன்னதும் இந்த அறைக்கு வந்து சேருவதற்குத்தான். மகன் மாட்டியது மட்டும்தான் அவள் கணக்கில் இல்லாதது.

ஆட்டர்பரி கிம்பரைப் பார்த்தார். “புகார் கொடுத்தவன் நான். நான் வாபஸ் வாங்கினா முடிஞ்சுது இல்லையா?”

கிம்பர் வெர்னிஸைப் பார்த்தார். எடுத்துக்கொண்டு போய்விடு என்று அந்தப் பார்வை கெஞ்சியது.

வெர்னிஸ் கம்பியை எடுத்தாள். ஒரு கணம் கையில் வைத்திருந்தாள். கனம் அதிகமில்லை. பிறகு அதை மேஜையின் நடுவில் கிம்பரின் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இது தடயம், இன்ஸ்பெக்டர். பை எடுங்க, சீல் வைங்க, எனக்கு ரசீது கொடுங்க. வாபஸ் வாங்கறதும் வாங்காததும் அரசாங்க வக்கீல் முடிவு, இவர் முடிவு இல்லை. அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மறைச்சா நானே வெளியே போய்ச் சொல்வேன். ரால்ஸ்டன் எனக்கு முன்னாடி சொல்வான்.”

“நான் பஸ் ஸ்டாண்டுலேர்ந்தே ஆரம்பிப்பேன்” என்றான் ரால்ஸ்டன்.

கிம்பர் இழுப்பறையைத் திறந்து பையை எடுத்தார். டெக்ஸ்டரை விடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

தாழ்வாரத்தில் இரும்புக் கதவு திறக்கும் சத்தம். டெக்ஸ்டர் வந்தான். ஷூ லேஸ் இல்லாமல், முடி கலைந்து. மேஜைமேல் இருந்த கம்பியைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான்.

“அம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“சொல்லியிருந்தா எழுத்தைத் திருத்தியிருப்பே. அப்புறம் உன்னை யாராலயும் வெளியே எடுத்திருக்க முடியாது” என்றாள் மார்வா. “வீட்டுக்குப் போய்க் குளி. அடுப்புல மீன் குழம்பு இருக்கு.”

அவன் போகவில்லை. சுவரோரம் நின்றுகொண்டான்.

ஆட்டர்பரி தொப்பியை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் நகர்ந்தார்.

“எங்கே கிளம்பிட்டீங்க சார்?” வெர்னிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டாள். “உக்காருங்க. நீங்கதான் முதல் சாட்சி.”

அவர் அந்த நாற்காலியைப் பார்த்தார். கிம்பரைப் பார்த்தார். கிம்பர் தலையைத் தூக்காமல் படிவத்தில் தேதி எழுதிக்கொண்டிருந்தார்.

ஆட்டர்பரி உட்கார்ந்தார்.

மார்வா மஞ்சள் அங்கியைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அவருக்கு நேர் எதிரே நாற்காலியை நகர்த்திப் போட்டு, முட்டிக்கு முட்டி இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்து, கண்ணெடுக்காமல் அவர் முகத்தையே பார்க்க ஆரம்பித்தாள்.